பழைய டைல்ஸ் மேல வினைல் ஃப்ளோர்: மேல ரெண்டு நாள், அடியில ஒரு மாசம்

அம்மா ரூம் தரை பழைய செராமிக் டைல்ஸ். நாலஞ்சு எடத்துல விரிசல், கதவோரமா ரெண்டு டைல் கால் வச்சா ஆடும், கட்டில் பக்கத்துல ஒன்னு விளிம்பு உடைஞ்சு வெறுங்கால்ல நடந்தா குத்தும். அம்மாவுக்கு முழங்கால் வலி வேற, காலைல எந்திரிச்சு கால ஊனுனதும் தரை சில்லுன்னு இருக்குன்னு தெனமும் சொல்லுவாங்க. மொத்தத்தையும் பேத்து எடுக்குற அளவுக்கு தெம்பு இல்ல, அதனால டைல்ஸ் மேலயே வினைல் போட்டுடலாம்னு முடிவு பண்ணேன். பலகை போடுற வேலை ரெண்டே நாள்ல முடிஞ்சுது, அதுக்கு முன்னாடி அடியில பாத்த வேலைதான் ஒரு மாசம். யாராவது இதே வேலைய யோசிச்சிட்டிருந்தா அந்த ஒரு மாசத்தப் பத்திதான் முக்கியமா படிக்கணும், அதனால அதையே விரிவா எழுதுறேன்.

முதல்ல எத வாங்குறதுங்கறது. வினைல்னு ஒரே பேர்ல நாலஞ்சு சமாச்சாரம் இருக்கு. ரோலா வர்ற ஷீட், பின்னாடி பேப்பர உரிச்சு ஒட்டுற டைல், கம் போட்டு ஒட்டுற பிளாங்க், அப்புறம் ஒன்னுக்குள்ள ஒன்னு மாட்டுற கிளிக் பிளாங்க். ஷீட் வினைல் மெலிசு, இணைப்பு கம்மிங்கறதால தண்ணி உள்ள எறங்காது, ஆனா அடியில ஒரு மணல் துகள் கெடந்தாக்கூட நாளடைவுல மேல முட்டிக்கிட்டு தெரியும். உரிச்சு ஒட்டுறது வாடகை வீட்டுக்கு ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னா சரி, வெயில் படுற ஜன்னல் பக்கம் ஓரம் தூக்கிக்கும். நான் எடுத்தது எஸ்பிசி கிளிக் பிளாங்க், அதாவது நடுவுல சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் கலந்த கெட்டியான அடுக்கு, மேல டிசைன் பிரிண்ட் பண்ண ஃபிலிம், அதுக்கு மேல தேய்மானத்த தாங்குற தெளிவான அடுக்கு (வேர் லேயர்), அடியில மெல்லிசா ஒரு ஃபோம். லேமினேட்டும் பாக்க இதே மாதிரிதான் இருக்கும், ஆனா அதுக்குள்ள இருக்கறது மரத்தூள் அழுத்துன போர்டு, இணைப்பு வழியா தண்ணி எறங்குனா ஓரம் ஊதிரும், பாத்ரூம் ஒட்டுன ரூமுக்கு அது வேணாம்னு விட்டுட்டேன்.

வாங்கும்போது எல்லாரும் மொத்த தடிமனத்தான் கேக்குறாங்க, 4 மிமீயா 5 மிமீயான்னு. தேய்மானத்த தாங்குறது அது இல்ல, வேர் லேயர்தான். இதுல ஒரு குழப்பம் என்னன்னா வேர் லேயர மில்னு எழுதியிருப்பாங்க, மில்னா மில்லிமீட்டர் இல்ல, அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. 6 மில்னா சுமார் 0.15 மிமீ, 12 மில்னா 0.3 மிமீ, 20 மில்னா 0.5 மிமீ. படுக்கையறைக்கு 12 மில் தாராளம், ஆனா அம்மா ரூம்ல சக்கர நாற்காலி உருளப்போகுதுன்னு நான் 20 எடுத்தேன்.

நாலு சாம்பிள் எடுத்துட்டு வந்து ரெண்டு நாள் அந்த ரூம் தரையிலயே போட்டு வச்சிருந்தேன். காலைல ஜன்னல் வெளிச்சத்துல ஒரு மாதிரி, ராத்திரி லைட்ல வேற மாதிரி தெரியுது. பளபளப்பான ஒன்ன சாவியால லேசா கோடு போட்டேன், எதிர்ல நின்னு பாத்தாலே தெரிஞ்சுது. மங்கலான, கொஞ்சம் சொரசொரப்பா மரத்தோட ரேகை பதிஞ்ச சாம்பிள்ல அதே அழுத்தத்துல போட்ட கோட்ட குனிஞ்சு தேடவேண்டி இருந்துச்சு. இன்னொன்னும் பண்ணேன், ஒவ்வொரு சாம்பிளோட பல்லையும், அதாவது பக்கத்து பலகையோட காடிங்கற பள்ளத்துக்குள்ள மாட்டுற ஓரத்தையும், விரலால வளைச்சுப் பாத்தேன். ரெண்டுல அந்த ஓரம் படக்குன்னு சில்லு விட்டுது. மேல டிசைன் எவ்வளவு அழகா இருந்தாலும் அந்த பல்லும் காடியும்தான் தரைய ஒன்னா பிடிச்சு வைக்குது, அதனால அந்த ரெண்டையும் ஒதுக்கிட்டேன்.

இப்ப அடிவேலை. ஒரு ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால ஒவ்வொரு டைலயும் தட்டிட்டே போனேன், நல்லா ஒட்டியிருக்கறது டிக் டிக்னு கெட்டியா கேக்கும், உள்ள காலியா இருக்கறது டொக்குன்னு பொள்ளலா கேக்கும், அதுல எல்லாம் சாக்பீஸ்ல பெருக்கல் குறி. மொத்தம் ஆறு டைல். உளியும் சுத்தியலும் வச்சு எடுத்தேன். கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி போடாம இத செய்யவே கூடாது, அந்த மேல்பூச்சு செதறும்போது கண்ணாடிச் சில்லு மாதிரிதான். இங்க ஒரு எச்சரிக்கை, உங்க பழைய தரை டைல்ஸா இல்லாம, 1980களுக்கு முந்தின வீட்டுல போட்ட பழைய வினைல் டைலா இருந்தா, முக்கியமா 9 அங்குல சதுரமா கறுப்பு கம்ல ஒட்டுனதா இருந்தா, அத பேக்கறதும் தேய்க்கறதும் வேணவே வேணாம். அதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, டெஸ்ட் பண்ணாம தொடாதீங்க.

டைல் எடுத்த எடத்துல கான்கிரீட் தெரிஞ்சதும் ஈரம் பாத்தேன். டைல் மேல ஒட்டிப் பாத்தா பிரயோஜனம் இல்ல, வெறும் கான்கிரீட்லதான் பாக்கணும். கணக்குப்படி 18 அங்குல சதுர பிளாஸ்டிக் ஷீட்ட நாலு பக்கமும் டேப் போட்டு கொறஞ்சது 16 மணி நேரம் விடணும், எனக்கு அவ்வளவு பெரிய எடம் கிடைக்கல, டைல் எடுத்த அளவுக்கே வெட்டி ஒட்டி ரெண்டு நாள் விட்டேன். மத்த எடமெல்லாம் காஞ்சு கிடந்துச்சு, பாத்ரூம் சுவரோரம் இருந்த ஷீட்ட தூக்குனா அடிப்பக்கம் பூரா முத்து முத்தா தண்ணி, கீழ கான்கிரீட் கறுத்துப் போயிருக்கு. நான் மட்டும் இத பாக்காம வினைல மேல போட்டிருந்தா அந்த ஈரம் வெளியேற வழியில்லாம அடியிலயே தேங்கி பூஞ்சை பிடிச்சு நாத்தம் வந்திருக்கும். பெட்டி மேல வாட்டர்ப்ரூஃப்னு பெருசா போட்டிருக்காங்களே, அது பலகைக்கு மட்டும்தான், பலகைக்கு அடியில இருக்குற தரைக்கு அதுல எந்த உத்தரவாதமும் கிடையாது.

காரணம் தேடுனா, பாத்ரூம் உள்ள ஷவருக்கு கீழ சுவரும் தரையும் சேர்ற மூலையில டைல் இடுக்குல பூச்சு உதிர்ந்து கோடா வெடிச்சிருந்துச்சு. பழசெல்லாம் சொரண்டி எடுத்துட்டு, நல்லா காயவிட்டு, சிலிகான் அடிச்சேன். அப்புறம் காத்திருக்கறதுதான் வேலை. மூணு வாரம். ஃபேன் போட்டு, ஜன்னல் தெறந்து வச்சு, வாராவாரம் ஷீட் ஒட்டிப் பாத்தேன். முதல் வாரம் இன்னும் தண்ணி, ரெண்டாவது வாரம் லேசா மூட்டம், மூணாவது வாரம் ஷீட் சுத்தமா இருந்துச்சு. அந்த மூணு வாரமும் அம்மா ஹால்லதான் படுத்தாங்க, எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, இருந்தாலும் அவசரப்படல.

அடுத்தது மட்டம். மட்டம்னா தரை சாய்வா இருக்கா இல்லையாங்கறது இல்ல, அத ரசமட்டம் காட்டிடும், லேசான சாய்வு வினைலுக்கு பிரச்சனையும் இல்ல. பிரச்சனை மேடு பள்ளம். எனக்கு வந்த பெட்டிக்குள்ள இருந்த குறிப்புல 2 மீட்டர் நீளத்துக்கு 3 மிமீக்கு மேல பள்ளம் இருக்கக்கூடாதுன்னு போட்டிருந்துச்சு. 2 மீட்டர் அலுமினிய மட்டப்பலகைய தரையில படுக்க வச்சு, ரூம் லைட்ட அணைச்சிட்டு, பலகைக்கு பின்னாடி டார்ச்ச தரையோட தரையா வச்சா, எங்க பள்ளமோ அங்க பலகைக்கு அடியில வெளிச்சம் கோடா ஒழுகும். அந்த எடத்துல ஸ்கேல் நொழைச்சு ஆழம் பாத்து தரையிலயே சாக்பீஸ்ல எழுதுனேன், 2, 3, 5, நடுவுல ஒரு எடத்துல 7. நீளவாக்குல, அகலவாக்குல, மூலைக்கு மூலை, மூணு வாட்டமும் பாக்கணும். முடிச்சு லைட்ட போட்டா தரை பூரா நம்பர். 3ம் அதுக்கு கீழயும் இருந்தத விட்டுட்டு மத்த நம்பரெல்லாம் சுத்தி கோடு இழுத்தா குளம் குட்டை மாதிரி பள்ளத்தோட உருவமே கண்ணுக்கு முன்னாடி வந்துடுது.

ஆறு டைல் குழியையும் பாலிமர் கலந்த பேட்ச் காம்பவுண்ட் வச்சு ரெண்டு தடவையா நெரப்புனேன். பள்ளத்துக்கு செல்ஃப் லெவலிங் காம்பவுண்ட், அதாவது தண்ணியில கலந்து ஊத்துனா தானே பரவி மட்டமாகுற கலவை. டைல்ஸ் மேல அது அப்படியே ஒட்டாது, வழவழப்ப முரட்டு உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, தூசிய ஈரத்துணியால எடுத்துட்டு, ஈரம் உறிஞ்சாத தரைக்குன்னு இருக்குற பிரைமர் அடிச்சேன். தண்ணிய கண்ணளவுல ஊத்தாதீங்க, பையில என்ன எழுதியிருக்கோ அத அளந்து ஊத்துங்க, தண்ணி கூடுனா நல்லா ஓடும், ஆனா காஞ்சதும் மேல மாவு மாதிரி உதிரும். ஊத்த ஆரம்பிச்சா நமக்கு கால் மணி நேரம்கூட கிடைக்காது, அதுக்குள்ள இறுக ஆரம்பிச்சிடும், அதனால மச்சான கூப்பிட்டேன். அவன் கலக்குறது, நான் ஊத்துறது.

"மச்சான், அடுத்த வாளி?"

"ரெடியா இருக்குடா, நீ ஊத்திட்டே இரு, நடுவுல நிறுத்தாத, நிறுத்துனா அங்க வரப்பு விழும்."

அவன் சொன்னது சரி, ஈரம் ஈரத்தோட சேரணும். ஆனா கதவுக்கு உள்பக்கமா இருந்த ஒரு 4 மிமீ பள்ளத்துக்கு வரும்போது மாவு தீர்ந்துடுச்சு. இன்னொரு பை வாங்கியிருக்கணும். 4 தானே, கால் தட்டுப்படாத மூலைதானேன்னு விட்டுட்டேன். அது எங்க வந்து நின்னுச்சுங்கறத பின்னாடி சொல்றேன்.

பிளாங்க் பெட்டிகள ரெண்டு நாள் முன்னாடியே அந்த ரூமுக்குள்ள படுக்கவாட்டுல அடுக்கி வச்சேன், ரூம் சூட்டுக்கு அது பழகணும், நிக்க வச்சா வளைஞ்சுடும். அடியில தனியா வேற ஃபோம் விரிக்கல. பிளாங்க்லயே ஃபோம் ஒட்டி வந்தா அதுக்கு மேல இன்னொன்னு கூடாது, மெத்துன்னு இருக்கும்னு நிறைய பேர் போடுறாங்க, கால் வைக்கும்போதெல்லாம் இணைப்பு மேலயும் கீழயும் அசைஞ்சு கடைசில பல்லு ஒடைஞ்சுடும்.

போடறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. ரூம் அகலம் 3060 மிமீ. சுவரோரம் ரெண்டு பக்கமும் 8 மிமீ இடைவெளி விடணும், போக 3044. பிளாங்க் அகலம் 178. வகுத்துப் பாத்தா 17 வரிசை முழுசா வந்து 18 மிமீ மிச்சம். அந்த 18 மிமீ பட்டைய வெட்டி மாட்டவே முடியாது, மாட்டுனாலும் நிக்காது. அதனால மிச்சத்த ஒரு முழு பலகையோட சேத்து ரெண்டா பிரிச்சேன், 178ம் 18ம் 196, பாதி 98. முதல் வரிசையும் கடைசி வரிசையும் 98, நடுவுல 16 வரிசை முழுசு. இந்த அஞ்சு நிமிஷ கணக்க போடாம ஆரம்பிச்சவங்க கடைசி சுவருக்கு வந்து தலையில கை வச்சத பாத்திருக்கேன்.

சுவர் நேரா இருக்கும்னு நம்பாதீங்க. நூல் பிடிச்சுப் பாத்தேன், எங்க சுவர் நடுவுல 6 மிமீ வயிறு தள்ளியிருந்துச்சு. முதல் வரிசைய சுவர ஒட்டிப் போடாம நூல ஒட்டிப் போட்டேன், மூலை சரியா இருக்கான்னு 3-4-5 முறையில பாத்துக்கிட்டேன், அதாவது ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி அளந்தா குறுக்க 5 அடி வரணும்.

வெட்டறது சுலபம். மேல்பக்கம் கத்தியால ஸ்கேல் பிடிச்சு மூணு இழுப்பு, அப்புறம் கோட்டுக்கு பின்னாடி முட்டி வச்சு மடக்குனா டப்புன்னு ஒடையும், அடி ஃபோம மட்டும் கத்தியால அறுக்கணும். நீளவாட்டுல 98க்கு கிழிக்கறதுக்கும் நிலைக்கால் சுத்தி வளைச்சு வெட்டறதுக்கும் ஜிக்சாங்கற மின்சார ரம்பம் வேணும். நிலைக்கால் அடியில ஒரு துண்டு பலகைய படுக்க வச்சு அதுமேல ரம்பத்த படுக்கவாட்டுல ஓட்டி நிலையோட அடிய அறுத்தேன், பலகை அதுக்குள்ள நொழைஞ்சு போயிடுது, இடைவெளி வெளிய தெரியல. மாட்டும்போது நீளப் பக்கத்த சாச்சுப் பிடிச்சு காடிக்குள்ள நொழைச்சு கீழ அமுக்கணும், அப்புறம் தட்டுக்கட்டை வச்சு லேசா தட்டணும். சுத்தியல நேரா பலகையில வைக்கவே கூடாது. மாட்டுன ஒவ்வொரு இணைப்பு மேலயும் நகத்த குறுக்க ஓட்டிப் பாத்தேன், நகம் இடறுனா கழட்டி உள்ள ஏதாவது துகள் இருக்கான்னு பாத்து திரும்ப மாட்டுறது. ஒரு வரிசையோட குறுக்கு இணைப்பு அடுத்த வரிசையோடதுல இருந்து கொறஞ்சது 20 செமீ தள்ளி வரணும். நான் எப்பவும் மூணு பெட்டிய ஒரே நேரத்துல பிரிச்சு மாத்தி மாத்தி எடுத்தேன், இல்லன்னா ஒரே மரக்கண் டிசைன் பக்கத்து பக்கத்துல வந்து செயற்கைன்னு காட்டிக்கொடுத்துடும்.

மொத்தம் 60 பலகை வாங்குனதுல 54 தரைக்கு, ரெண்டு தப்பா வெட்டி வீணாச்சு, நாலு மிச்சம்.

ரெண்டாவது நாள் சாயங்காலம் அம்மா உள்ள வந்து மெதுவா நடந்து பாத்தாங்க. ஜன்னல் வரைக்கும் போய்ட்டு திரும்பி கதவுகிட்ட வந்தவங்க அப்படியே நின்னாங்க. "டேய், இங்க மட்டும் லொட்டுங்குதுடா." அதே 4 மிமீ. கால வச்சா பலகை கீழ போய் டைல்ல முட்டுது, எடுத்தா மேல வருது. அப்படியே விட்டா ஆறு மாசத்துல அந்த இணைப்பு ஒடையும்னு தெரியும். அன்னைக்கு ராத்திரியே அந்த பக்கத்துல இருந்து அஞ்சு வரிசைய ஒன்னொன்னா கழட்டி பின்பக்கம் பென்சில்ல நம்பர் போட்டு வச்சுட்டு, பேட்ச் காம்பவுண்ட்ட கரண்டியால இழுத்து நெரப்பி, ஒரு நாள் விட்டு தேய்ச்சு மட்டம் பாத்து திரும்ப மாட்டுனேன். கிளிக் பிளாங்க்ல இருக்குற பெரிய சௌகரியம் இது, பதமா சாச்சு எடுத்தா திரும்ப போட்டுக்கலாம்.

அந்த 8 மிமீ இடைவெளிய ஸ்கர்ட்டிங், அதாவது சுவரோட அடியில ஓடுற பட்டை, மறைச்சுடும். ஸ்கர்ட்டிங்க சுவர்ல அடிக்கணும், தரையோட சேத்து அடிக்கக்கூடாது. கதவு தடுப்புக்கு தரையில ஸ்குரூ போடறதும் தப்பு. இந்த தரை எங்கயும் ஒட்டாம மிதக்குறது, வெயில்ல விரியும், குளிர்ல சுருங்கும், ஒரு எடத்துல ஆணி அடிச்சு நிறுத்துனா வேற எங்கயாவது கூரை மாதிரி தூக்கிக்கும்.

பராமரிப்பு பெருசா ஒன்னுமில்ல. மென்மையான துடைப்பத்தால மண்ண எடுக்கறதுதான் முக்கியம், கீறல் போடறது பெரும்பாலும் கால்ல வர்ற மணல்தான். நல்லா பிழிஞ்ச மாப், காரமும் அமிலமும் இல்லாத லேசான கிளீனர். ஸ்டீம் மாப் வேணாம், சூடு இணைப்ப கெடுக்கும். மெழுகு பாலிஷ், பிளீச், சொரண்டுற நார், எதுவும் வேணாம். நாற்காலி காலுக்கு ஃபெல்ட் ஒட்டிட்டேன், சக்கர நாற்காலியோட கெட்டி நைலான் சக்கரத்த மாத்தி மென்மையான பாலியூரித்தேன் சக்கரம் போட்டேன்.

எல்லாத்தையும் பாத்தவன் ஒன்ன கோட்டை விட்டேன். அம்மா கட்டிலோரம் மருந்து வைக்க ஒரு சின்ன டேபிள், நாலு காலுக்கும் ரப்பர் புஷ். ரப்பர்தானே, கீறாதுன்னு நெனச்சேன். அஞ்சு மாசம் கழிச்சு கட்டில நகத்தி போடும்போது டேபிள தூக்குனா நாலு வட்டம், பழுத்த இலை மாதிரி மஞ்சள். சோப்பு, கிளீனர், ஸ்பிரிட் எதுக்கும் அசையல. ரப்பர்ல சேக்குற சில ரசாயனம் மெல்ல கசிஞ்சு வினைலுக்குள்ள எறங்கி நிறத்த மாத்திடுது, அது மேல ஒட்டுன அழுக்கு இல்ல, துடைச்சா போக. அடிப்பக்கம் ரப்பர் இருக்குற மிதியடிக்கும் இதே கதைதான், வினைல் மேல போடறதா இருந்தா நெசவு மிதியடி, இல்லன்னா வினைலுக்கு ஏத்ததுன்னு எழுதியிருக்கறது போடுங்க.

நாலு வட்டத்துல மூணு கட்டிலுக்கு அடியில போயிடுச்சு, விட்டுட்டேன். ஒன்னு மட்டும் நடக்குற வழியில. சுவர்ல இருந்து ஏழாவது வரிசை, பீரோவெல்லாம் நகத்தி அத்தன வரிசைய கழட்டறதுக்கு பதிலா அந்த ஒரு பலகைய வெட்டி எடுத்தேன். இணைப்புல இருந்து 4 செமீ உள்ள தள்ளி சுத்திலும் கோடு, நாலு மூலையில டிரில் ஓட்டை, பலகை தடிமனுக்கு மட்டும் ஆழம் வச்சு ஆசிலேட்டிங் கட்டர்ல (பிளேடு வேகமா அதிர்ந்து அறுக்குற மெஷின்) அறுத்து நடுத்துண்ட எடுத்தாச்சு. அப்புறம் ஓட்டையில இருந்து பலகையோட மூலைக்கு சாய்வா ஒரு வெட்டு, ஓரப்பட்டைகள உள்பக்கமா இழுத்தா பக்கத்து பலகையோட பல்லு காடி சேதமில்லாம வெளிய வருது. இதுதான் பொறுமை வேணும்கற எடம், ஒரு பட்டைக்கு பத்து நிமிஷம் எடுத்தேன். புது பலகையில ஒரு நீளப் பக்கமும் ஒரு குறுக்குப் பக்கமும் காடியோட கீழ் உதட்ட கத்தியால அறுத்துட்டு, மத்த ரெண்டு பக்கத்து பல்ல முதல்ல நொழைச்சு, அறுத்த பக்கங்கள்ல எப்பாக்ஸி கம் தடவி மேல இருந்து எறக்குனேன். கம் தரையில ஒட்டிடாம அடியில பிளாஸ்டிக் பட்டை வச்சிருந்தேன். மேல கனமான பெட்டி ரெண்டு, ஒரு நாள் முழுக்க.

மறுநாள் பெட்டிய எடுத்துட்டு நகத்த ஓட்டிப் பாத்தேன், மூணு பக்கம் ஒன்னும் தெரியல, அறுத்த நீளப் பக்கத்துல மட்டும் முடி அளவுக்கு இடறுது. மிச்சம் மூணு பலகைய பெட்டியோட லேபிளையும் தயாரிப்பு பேட்ச் நம்பரையும் சேத்து கட்டி கட்டிலுக்கு அடியில படுக்கவாட்டுல வச்சிருக்கேன், டேபிள் காலுக்கு இப்ப ஃபெல்ட்.